4 அடி அஸ்திவாரத்தில் 404 அடி: சாலிஸ்பரி பேராலயத்தில் ஐந்து நாள்

முதல் நாள்: மேட்டிலிருந்து

லண்டன் வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரிக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பேராலயம் வந்துவிடும். ஆனால் முதல் நாளே அங்கே போக வேண்டாம். ஊருக்கு வடக்கே 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓல்ட் சேரம் மேட்டில் ஏறுங்கள். இந்தக் கட்டடம் ஏன் பள்ளத்தில், அதுவும் ஈரமான நிலத்தில் நிற்கிறது என்பதற்கு விடை அந்த மேட்டில்தான் கிடக்கிறது.

பழைய பேராலயம் இருந்தது இங்கேதான். 1092இல் பிரதிஷ்டை செய்தார்கள். ஐந்தாம் நாளே புயல் வந்து சேதப்படுத்தியது. மேட்டில் காற்று ஓயாது, தண்ணீருக்குப் பஞ்சம். ஒரே மதிலுக்குள் கோட்டைப் படையும் குருமாரும் குடியிருந்ததால் தகராறுக்கும் குறைவில்லை. கடைசியில் பேராயர் ரிச்சர்ட் பூர் எல்லாரையும் கீழே ஏவன் ஆற்றங்கரைப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்பு எய்தார்கள், அது ஒரு மான்மேல் தைத்தது, மான் விழுந்த இடத்தில் கோயில் எழுந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எல்லா ஊரிலும் இப்படி ஒரு மானோ மாடோ உண்டு, விட்டுவிடலாம்.

மேட்டில் இப்போது மிஞ்சியிருப்பது புல்லில் பதிந்த அடித்தளக் கோடுகள் மட்டுமே. அவற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. நடுவிலிருக்கும் கோட்டைப் பகுதிக்கு மட்டும் சீட்டு வேண்டும். சீட்டு எடுக்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. கோடுகளின் மேல் நடந்து பழைய கோயிலின் நீளத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, தெற்கே திரும்பிப் பள்ளத்தில் நிற்கும் ஊசிக்கோபுரத்தைப் பாருங்கள். 404 அடி, அதாவது 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயர்ந்த தேவாலயக் கோபுரம் கிடையாது. (2018இல் இந்த ஊரில் நடந்த நஞ்சுத் தாக்குதலில் சந்தேகிக்கப்பட்ட இரண்டு ரஷ்யர்கள், இந்த 123 மீட்டர் கோபுரத்தைப் பார்க்கத்தான் வந்தோம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். எந்தச் சுற்றுலா விளம்பரத்துக்கும் கிடைக்காத புகழ் அந்த எண்ணுக்குக் கிடைத்தது.)

மேட்டின் கல்லும் வீணாகவில்லை. 1327இல் மன்னர் மூன்றாம் எட்வர்ட் அனுமதி கொடுத்த பிறகு பேராலய வளாகத்தைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு, பழைய பேராலயத்தைப் பிரித்து எடுத்த கற்களைப் பயன்படுத்தினார்கள். எக்ஸிட்டர் தெருப் பக்கம் மதிலை ஒட்டி நடந்தால், வெறும் கல்லுக்கு நடுவே திடீரென்று ஒரு பூவேலைக் கல், தலைகீழாக ஒரு சிற்பத் துண்டு என்று தென்படும்.

இரண்டாம் நாள்: உள்ளே, தரையும் தூணும்

1220 ஏப்ரல் 28 அன்று அஸ்திவாரக் கல் வைத்தார்கள். கிழக்குக் கோடியிலிருக்கும் திரித்துவச் சிற்றாலயம் 1225இலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மொத்தக் கோயிலும் 1258இல் பிரதிஷ்டை. 38 ஆண்டுகள்! மற்றப் பேராலயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இழுபட்டு, வட்ட வளைவில் தொடங்கிக் கூர்வளைவில் முடிந்தவை. இது காலி நிலத்தில் ஒரே மூச்சில் எழுந்ததால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே பாணி. வேலையை மேற்பார்த்தவர் எலியாஸ் என்ற கேனன் (பேராலய நிர்வாகக் குரு), டெரம் ஊர்க்காரர். தலைமைக் கொத்தர் நிக்கலஸ், ஈலி ஊர்க்காரர். ஒரே பாணி என்பதால் அலுப்பாக இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. மேற்குக் கதவருகே நின்று முழு நீளத்தையும் பார்க்கும் முதல் நிமிடத்தில் அந்தப் பேச்சு நியாயமாகக்கூடத் தோன்றும். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் சுவை.

இரண்டு வகைக் கல். வெளிர்நிறக் கல் மேற்கே சில்மார்க் பகுதிச் சுரங்கத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல். கறுத்துப் பளபளக்கும் ஒல்லித் தூண்கள் டார்செட் கடலோரத்துப் பர்பெக் கல். அதைப் பர்பெக் பளிங்கு என்பார்கள். உண்மையில் பளிங்கு அல்ல, நன்னீர் நத்தை ஓடுகள் இறுகிய சுண்ணாம்புக்கல்தான், மெருகு ஏறும் வகை. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நத்தைச் சுருள்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். இந்தக் கல் நிலத்தில் மெல்லிய படுகையாகக் கிடப்பது. நீளத் தூண் வேண்டுமென்றால் படுகையோடு படுகையாக வெட்டி, அதை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்திய கல்லில் அடுக்குகள் நெடுக்காக நிற்பதால், எடை ஏறினால் அடுக்கு அடுக்காகப் பிளக்கும். அதனால்தான் தனியே நிற்கும் ஒல்லித் தூண்கள் பெரும்பாலும் அழகுக்கு. பாரத்தைத் தாங்குவது அவற்றின் நடுவே அடுக்கடுக்காக எழுப்பிய பருத்த தூண்.

இனி நடுச்சந்திக்கு வாருங்கள். நெடுக்குக் கூடமும் குறுக்குக் கைகளும் சந்திக்கும் இடம். நம் ஊர்க் கோபுரம் தரையிலேயே அகன்று எழும்பி, மேலே போகப் போகக் குறுகும். எடை நேரே மண்ணுக்கு இறங்கிவிடும். இங்கே 404 அடிக் கோபுரத்துக்கு அடியில் வெறும் வெளி. நான்கு மூலைத் தூண்கள்தான் கணக்கு. அந்தத் தூண்களோ இந்தக் கோபுரத்துக்காகப் போட்டவையே அல்ல. 1258இல் இருந்தது கூரைக்குச் சற்று மேலே எட்டிப் பார்த்த குட்டைக் கோபுரம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலையில் இரண்டு அடுக்கும், அதற்கு மேல் ஊசியும் ஏற்றினார்கள். கூடுதல் எடை சுமார் 6,500 டன்.

மூலைத் தூணை ஒட்டி நின்று, தலையை நிமிர்த்தி அதன் விளிம்பை மேலே வரை கண்ணால் தொடருங்கள். வளைந்திருக்கிறது. கண் மயக்கம் அல்ல. தரையில் ஒரு பித்தளைக் குறியும் உண்டு. ஊசியின் நுனியிலிருந்து தூக்குநூல் விட்டால் எங்கே வந்து நிற்கும் என்று காட்டுவது. நுனி தென்மேற்காக ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது. 1668இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டஃபர் ரென் வந்து சோதித்து, அஸ்திவாரத்தைக் குறை சொல்லிவிட்டு, இரும்புப் பட்டைகளால் இறுக்கச் சொன்னார். அதற்குப் பிந்தைய அளவீடுகளில் சாய்வு கூடியதாகத் தெரியவில்லை.

ரென்னுக்கு முன்னாலேயே முட்டுக்கொடுக்கும் வேலை நடந்தாயிற்று. அதைத் தேடிப் பார்ப்பதுதான் இந்த நாளின் முக்கிய வேலை. கிழக்கே இருக்கும் சிறிய குறுக்குக் கைகளில், ஒரு வளைவின் தலைமேல் இன்னொரு வளைவைக் கவிழ்த்து வைத்தது போன்ற அமைப்பு நிற்கும். தூண்கள் உள்பக்கம் மடங்காமல் எதிர்த்துத் தள்ளுவதற்கு. பெரிய குறுக்குக் கைகளின் வாயில் தாழ்ந்த வளைவுகள், அதே காரியத்துக்கு. சந்திக்கு மேலே தெரியும் நட்சத்திரக் கோலம் போட்ட வளைகூரையும் 15ஆம் நூற்றாண்டில் செருகியது. கட்டியவர்களின் திட்டத்தில் இல்லாத உறுப்புகள் இவை. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தவையும் இவையே.

இவ்வளவுக்கும் அஸ்திவாரத்தின் ஆழம் ஏறத்தாழ 4 அடி. அதற்குக் கீழே சரளை, சரளைக்குள் தண்ணீர். நெருக்கமாகப் படிந்த சரளை பாரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் அதிலிருக்கும் நீர்மட்டம் நிலையாக இருக்க வேண்டும். ஆகவே நடுக்கூடத்தின் தரையில் ஒரு சிறு கல்மூடி. வழிகாட்டி அதைத் தூக்கி நீளமான குச்சியை விடுவார். நனைந்த அளவுதான் நீர்மட்டம். கேட்டால் செய்து காட்டுவார்கள். கேட்காவிட்டால் அதன்மேலேயே நடந்து போய்விடுவீர்கள். 1915இல் வெள்ளம் ஏறித் தரையே மூழ்கியதுண்டு.

நடுக்கூடத்தில் வில்லியம் லாங்கெஸ்பேயின் கல்லறையைத் தவற விடாதீர்கள். மன்னர் ஜானுக்கு அப்பா ஒன்று, அம்மா வேறான சகோதரர். 1220இல் கல் வைத்தவர்களில் ஒருவர். 1226இல் இங்கே முதலில் அடக்கமானவரும் அவரே. 1791இல் கல்லறையைத் திறந்தபோது மண்டையோட்டுக்குள் ஒரு செத்த எலி, அதன் உடலில் ஆர்செனிக். எலி இப்போது எதிரேயிருக்கும் சாலிஸ்பரி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நடுவில் பச்சையேறிய வெண்கலத்தில் சிலுவை வடிவ ஞானஸ்நானத் தொட்டி. வில்லியம் பை வடித்தது, 2008. நான்கு மூலைகளிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், மேற்பரப்போ அசையாது. வளைகூரை முழுதும் அதில் கவிழ்ந்து தெரியும். கண்ணாடி மேசை என்று நினைத்துக் கைப்பையை வைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள்: 332 படி

கோபுரம் ஏறத் தனிச் சீட்டு. வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். குழு சிறியது என்பதால் முன்பதிவு செய்யாமல் வந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். படிகள் 332. பல இடங்களில் ஒருவர் மட்டுமே நுழையும் சுருள்படி. தோள்பை இருந்தால் சுவரில் தேயும், கைகள் இரண்டும் காலியாக இருப்பது நல்லது. தட்டையான, பிடிப்புள்ள காலணி போதும். காற்று பலமாக அடித்தால் ஏற்றம் ரத்தாகும். அதனால் இதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்றம் ஒரே வீச்சாக இல்லை, இடையிடையே நின்று போகும். முதலில் வளைகூரைக்கும் ஈயக் கூரைக்கும் நடுவிலிருக்கும் இருட்டு. கீழே இருந்து பார்த்த அழகான வளைகூரையின் முதுகு இங்கே தெரியும்: கரடுமுரடாக, பூச்சு அள்ளி அப்பியபடி, முட்டை ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்த மாதிரி. கூடத்தில் நிற்பவர்களுக்கு நாம் 80 அடிக்கு மேலே.

அடுத்து கோபுரத்தின் உள்ளே. சுவரைச் சுற்றி இரும்புக் கட்டுகள். ஒரு பகுதி இடைக்காலத்தவை, ஒரு பகுதி 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் பழுதுபார்த்தபோது போட்டவை. ஊசியின் சுவர்கள் வெளித்தள்ளாமல் இருக்க வேண்டுமே. பெட்டிக்குக் கயிறு கட்டுவது போலத்தான் இதுவும்.

அப்புறம் ஊசியின் அடிவாரம். கழுத்தை மடக்கி மேலே பாருங்கள். உள்ளே ஒரு மரக்காடு நிற்கும்: நடுக்கம்பம், அதிலிருந்து நாலாபக்கமும் கைகள், அவற்றைத் தாங்கும் சாய்கட்டைகள். ஊசி கட்டும்போது போட்ட சாரம் இது. கட்டி முடித்ததும் அவிழ்க்கவில்லை. உள்ளே ஏறிப் பழுதுபார்க்க ஏணி வேண்டும், காற்றில் ஊசி ஆடாமல் இருக்கப் பிடிமானம் வேண்டும். இரண்டுக்கும் உதவட்டும் என்று விட்டுவைத்தார்கள். எடையைக் குறைக்க அவர்கள் செய்த சாமர்த்தியமும் இங்கேதான் புரியும். ஊசியின் கல்சுவர் அடியில் சுமார் 2 அடிக் கனம். கொஞ்ச தூரம் ஏறியதும் 8, 9 அங்குலமாக ஒடுங்கிவிடும். கல்லை மேலே இழுத்த மரச் சக்கரமும் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்கிருந்து நான்கு திசைக்கும் நான்கு கதவு. தரையிலிருந்து 225 அடி. வடக்கே நேற்று முன்தினம் நின்ற ஓல்ட் சேரம் மேடு, பச்சைத் தொப்பி போல. தெற்கே ஆறு. கோபுரத்தில் பெரெக்ரின் வல்லூறுகள் கூடு கட்டும். 2014இலிருந்து குஞ்சு பொரித்த ஆண்டுகள் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஒரு பக்கக் கதவைத் திறக்க மாட்டார்கள் என்றால் காரணம் அதுதான்.

ஊசிக்குள் இதற்கு மேலே போவது பணியாளர்கள் மட்டும். உச்சியை நெருங்கியதும் உள்ளே ஆள் நுழைய இடம் இருக்காது. அங்கே ஒரு சிறு கதவு வழியாக வெளியே வந்து, கல்லில் பதித்த இரும்புப் பிடிகளைப் பற்றி ஏற வேண்டும். நுனியிலிருக்கும் சிவப்பு விளக்கு விமானங்களுக்கான எச்சரிக்கை.

நான்காம் நாள்: கடிகாரம், சாசனம், மாலை ஆராதனை

வடக்குப் பக்கக் கூடத்தில் இரும்புச் சட்டத்துக்குள் பற்சக்கரங்கள் சுழல்கின்றன. முகப்பும் முள்ளும் இல்லாத கடிகாரம். மணி எத்தனை என்று அடித்துச் சொல்வது மட்டுமே அதன் வேலை. குருமாருக்கு வழிபாட்டு நேரம் தெரிந்தால் போதாதா? 1386 என்று ஆண்டு போடுகிறார்கள். அந்த ஆண்டின் ஓர் ஆவணம் கடிகாரம் பார்த்துக்கொள்பவருக்கு வீடு கொடுத்ததைச் சொல்கிறது; அந்தக் கடிகாரம் இதுவேதானா என்பதில் கடிகார வல்லுநர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. முதலில் இது இருந்தது வளாகத்தில் தனியே நின்ற மணிக்கூண்டில். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் பேராலயத்தை ஒழுங்கு செய்கிறேன் என்று வந்து அந்த மணிக்கூண்டை இடித்தார், பழைய வண்ணக் கண்ணாடிகளையும் எடுத்தார். கூடம் இன்று இவ்வளவு வெறிச்சென்று, சாம்பல் ஒளியில் இருப்பதற்கு அவரும் பொறுப்பு.

எண்கோண ஆலோசனை மண்டபத்தில் 1215இன் மாக்னா கார்ட்டா, மன்னர் ஜானின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனம். எஞ்சியிருக்கும் நான்கு மூலப்பிரதிகளில் நன்றாகப் பிழைத்தது இது. தோலில், லத்தீனில், இடம் மிச்சப்படுத்தச் சொற்களைச் சுருக்கி எழுதியது. மங்கிய ஒளியில் கண் பழக இரண்டு நிமிடம் பிடிக்கும், பொறுமையாக நில்லுங்கள். 2018 அக்டோபரில் ஒருவர் சுத்தியலால் கண்ணாடிப் பெட்டியை அடித்து உடைக்கப் பார்த்தார்; ஏட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் முழுதும் அந்தப் பெட்டியைச் சுற்றியே நிற்கும். நீங்கள் சுவரைப் பாருங்கள்: இருக்கைகளுக்கு மேலே ஆதியாகமம், யாத்திராகமக் கதைகள் வரிசையாகச் செதுக்கியிருக்கின்றன. நடுவில் ஒற்றைத் தூண், குடைக்கம்பி விரிவது போலக் கூரை அதிலிருந்து விரிகிறது.

மண்டபத்துக்கு வெளியே பிரிட்டனின் பேராலயங்களிலேயே பெரிய சுற்றுத் தாழ்வாரம். வேடிக்கை என்னவென்றால் இது மடம் அல்ல, துறவிகள் இங்கே இருந்ததே இல்லை. தங்கள் வீடுகளில் வாழ்ந்த கேனன்கள்தான் நிர்வாகம். அதனால்தான் சுற்றிலும் 80 ஏக்கர் வளாகத்தில் மாடிவீடுகளும் தோட்டங்களும். இன்றும் அங்கே குடித்தனங்கள் உண்டு. பேராலயப் பள்ளியும் உள்ளேயே, பழைய பேராயர் மாளிகையில்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்குள் வந்துவிடுங்கள். வார நாட்களில் மாலை ஆராதனை வழக்கமாக ஐந்தரைக்கு. அன்றைய நேரத்தை வாசல் பலகையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பாடகர் இருக்கைகளை ஒட்டியே உட்காரலாம், பெயர் எழுதிய இருக்கைகளில் மட்டும் தானாகப் போய் அமர வேண்டாம், அவை கேனன்களுக்கு. முக்கால் மணி நேரம் நடக்கும். 1662ஆம் ஆண்டு ஜெப புத்தகத்தின் முறை: அன்றைய வேதாகமச் சங்கீதம், பழைய ஏற்பாட்டு வாசகம், மரியாளின் பாட்டு, புதிய ஏற்பாட்டு வாசகம், சிமியோனின் பாட்டு, விசுவாசப் பிரமாணம், ஜெபங்கள், ஒரு கூட்டிசைப் பாடல். நம் ஊர் சபைகளில் சேர்ந்து பாடிப் பழகியவர்களுக்குக் கை பரபரக்கும். இங்கே பெரும்பாலும் பாடகர் குழுதான் பாடும். கேட்பதே நம் பங்கு. விசுவாசப் பிரமாணத்துக்குக் கிழக்கே திரும்புவார்கள், பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுங்கள், அவ்வளவுதான். படம் எடுக்கக் கூடாது.

சிறுவர் குழு ஒரு நாள், சிறுமியர் குழு ஒரு நாள் என்று பகிர்ந்துகொள்கிறார்கள். 1991இல் சிறுமியருக்கெனத் தனிக் குழு தொடங்கி மற்ற ஆங்கிலேயப் பேராலயங்களுக்கு வழிகாட்டியது சாலிஸ்பரி. காலையில் பள்ளிக்கு முன் ஒத்திகை, மாலையில் ஆராதனை. எட்டு, ஒன்பது வயதிலேயே இந்த ஓட்டம் தொடங்கிவிடும். புதிதாகச் சேரும் சிறுவனின் தலையை ஒரு கல்லில் மெல்ல முட்டவைத்துக் குழுவில் ஏற்பது பழைய வழக்கம். பள்ளி விடுமுறையில் வந்தால் இந்தக் குழு இருக்காது, வெளியூர்க் குழுக்கள் பாடும். கேட்கத்தான் வருகிறீர்கள் என்றால் பள்ளி நடக்கும் மாதங்களைப் பார்த்து வாருங்கள். ஆர்கன் 1877இல் ஹென்றி வில்லிஸ் செய்தது. 2021 ஜனவரியில் பேராலயம் கொரோனா தடுப்பூசி மையமானபோது, ஊசி போட்டுக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்த முதியவர்களுக்கு ஆர்கன் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

கூட்டம் அலைமோதும் ஆராதனை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத் தொடக்கத்தில் வருவது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மேற்குக் கோடியில் ஒற்றை மெழுகுவர்த்தியில் தொடங்கி, பாடகர்கள் நகர நகர 1,300 மெழுகுவர்த்திகள் கிழக்குவரை ஏறும். மூன்று மாலைகள் நடந்தும் இடம் போதாது.

ஐந்தாம் நாள்: கல்பட்டறையும் புல்வெளியும்

பேராலயத்துக்குச் சொந்தக் கல்பட்டறை உண்டு; கொத்தர்களும் கண்ணாடி வேலைக்காரர்களும் நிரந்தர ஊழியர்கள். 1986இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. பழுதுக்கு முக்கியக் காரணம் கல் அல்ல, கல்லைக் கல்லோடு பிணைக்கப் போட்ட இரும்புக் கவ்விகள். மழைநீர் இறங்க, இரும்பு துருப்பிடிக்க, துரு பருத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். இப்போது துருப்பிடிக்காத எஃகு. இன்னொரு குற்றவாளி சிமென்ட்: இணைப்புகளை அதனால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லின் வழியே போகப் பார்க்கும், கல்லின் முகம் உதிரும். அதனால் மீண்டும் சுண்ணாம்புச் சாந்துக்கே திரும்பினார்கள். புதுக் கல் செதுக்கும்போது பழைய அச்சை அப்படியே எடுத்து, சில்மார்க் வகைக் கல்லிலேயே செய்கிறார்கள். பொருத்திய புதிதில் வெள்ளையாகத் துருத்தித் தெரியும். மேற்கு முகப்பில் வெளுத்த கல் எது என்று தேடினால் அவர்கள் எங்கெல்லாம் கை வைத்தார்கள் என்று வரைபடமே போட்டுவிடலாம்.

பிற்பகலில் ஊரை விட்டு மேற்கே ஹார்னம் பக்கம் போகும் புல்வெளிப் பாதையில் நடங்கள். ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் கோபுரத்தைத் தீட்டியது இந்தப் புல்வெளிப் பக்கமிருந்துதான். வெயில் சாயும் நேரத்தில் மேற்கு முகப்பு மஞ்சளாக மாறும். மழைக்காலத்தில் பாதையின் இருபுறமும் தண்ணீர் நிற்கும், ரப்பர் காலணி இல்லாமல் இறங்க வேண்டாம். பேராலயத்தின் கல்மூடிக்குக் கீழே குச்சியை நனைக்கும் ஈரமும் இந்தப் பள்ளத்தாக்கின் ஈரம்தான்.

இரவு வளாகத்துக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பலாம். புல்தரையில் ஆளே இருக்காது, உச்சியில் சிவப்பு விளக்கு மட்டும். பதினொரு மணிக்கு வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே குடியிருப்பவர்களிடம்தான் சாவி உண்டு.